செங்கல் பொடியும் கறுப்பு வண்டியும்

என் தம்பியின் கருமாதியன்று காலையில் அம்மா அவனுடைய காரைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் நானே வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். கார்களுக்குப் பாலிஷ் போடுவதுதான் என் பிழைப்பு. கடலூர் ரோட்டில், நோணாங்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். நல்ல வண்டியை மனிதர்கள் எப்படியெல்லாம் கெடுப்பார்கள் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வேன். கடற்கரை மணல் ஒட்டியிருக்கும்போதே காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தவர், காக்கா எச்சத்தைச் சாவியால் சுரண்டியவர், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டை அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் கழுவாமல் விட்டவர் என்று எல்லாரையும் பட்டறையில் உட்கார்ந்து கிண்டல் செய்திருக்கிறேன். செங்கல் பொடி போட்டுத் தேய்த்தவர் மட்டும் அதுவரைக்கும் வந்ததில்லை. அந்தக் குறையை என் அம்மா தீர்த்துவைத்தாள்.

தம்பி சொந்தமாக அந்தக் கறுப்புக் காரை வைத்து டூரிஸ்ட்டுகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வருவான். ஊர் எல்லையில் பிள்ளைச்சாவடி தாண்டும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். பத்திரமாக வந்துவிட்டேன் என்று அர்த்தம். எடுத்துப் பேசினால் திட்டுவான், காசு வீண் என்று. ஒரு நாள் சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டான். தெருக்காரர்கள் அவனை அதே வண்டியின் பின் சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள். போன வண்டியிலேயே திரும்பி வந்தான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் பக்கத்தில் கருமாதி வருகிறதென்றால் வீட்டையே புரட்டிப் போட்டுவிடுவார்கள். சுவர் முதல் தரை வரை கழுவ வேண்டும். சாவு வீட்டில் புழங்கிய பாத்திரம் ஒன்று விடாமல் வெளியே வந்துவிடும். முதலியார்பேட்டையில் தம்பி வீட்டு வாசல் குழாயடியில் அம்மா விடிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். எதிரில் பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு. பக்கத்தில் ஊறவைத்த புளி, சலித்த செங்கல் பொடி, ஒரு கைப்பிடி தேங்காய் நார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பித்தளை தேய்ப்பது அப்படித்தான். கடையில் விற்கிற பவுடரெல்லாம் அவளுக்குச் சோம்பேறிகள் சமாச்சாரம்.

பாத்திரங்களை முடித்துவிட்டு எழுந்தவள், நாரோடு நேராக வண்டியிடம் போயிருக்கிறாள். பிணம் வந்த வண்டி. அதிலும் தீட்டு இருக்கும் அல்லவா? அவள் கணக்கில் அதுவும் வீட்டுச் சாமான். பித்தளைக்குச் செய்த மரியாதையை அதற்கும் செய்தாள். கதவுகள், பானெட், டிக்கி என்று கை எட்டிய இடமெல்லாம் தேய்த்தாள். கூரை மட்டும் எட்டவில்லை, தப்பித்தது.

தம்பி மனைவி அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"ஓடியாந்துட்டேன் மாமா, கையப் புடிச்சி நிறுத்தலாம்னு. கிட்ட வந்தா, அத்த வண்டியோட பேசிக்கினே தேய்க்கிறாங்க. 'எம்புள்ளய கடைசியா சொமந்த இல்ல, எம்புள்ளய கடைசியா சொமந்த இல்ல'ன்னு. நான் எப்பிடி நிறுத்தறது, சொல்லுங்க."

நான் போனபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கறுப்பு வண்டியில் வெயில் விழுந்தால் ஒன்றையும் ஒளிக்க முடியாது. பானெட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்று, சிலந்தி குடியிருக்கும் மூலையைப் போல. தலை சீவ முன்கதவில்தான் தம்பி முகம் பார்ப்பான். இப்போது அதில் முகமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெள்ளையாக மூடிக்கிடந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருகிற சுபாவம். சாவு வீடு, கருமாதி நாள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அம்மா கையில் நாரோடு இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

என் செருப்புச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் பார்த்தாள்.

"யாரு?" என்றாள்.

நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தேன்.

"நாந்தாம்மா," என்றேன்.

அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பா மில்லில் வேலை பார்த்தவர், போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. அதிலிருந்து அம்மா தம்பி வீட்டில்தான். நான் பெண்டாட்டி பிள்ளைகளோடு நைனார்மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை போனால் தட்டில் சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், ஒரு சொட்டு வெளியே சிந்தாது. கூட ஒரே வீட்டில் இருந்த மருமகளுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடக்கிறது, இது இன்று நேற்று வந்ததில்லை, இத்தனை நாள் இவர்கள் எப்படி நடமாடினார்கள் என்று எங்களைக் கேட்டார். நாங்கள் அம்மாவைக் கேட்டோம். அவள் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டாள். பெரிய மார்க்கெட்டுக்கு வாரம் தவறாமல் போய் மீன் வாங்கி வந்தவள். அத்தனை கூட்டத்தில், அத்தனை கூடைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் எப்படிப் போனாள், எப்படி வந்தாள்? பழக்கம்தான் என்று நாங்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டோம்.

ஆபரேஷனுக்கு அவள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

"எதப் பாக்கறதுக்கு இனிமே எனக்குக் கண்ணு?" என்று ஒரே பேச்சு.

நானும் திட்டிப் பார்த்தேன், தம்பி மனைவியும் கெஞ்சிப் பார்த்தாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவளாகவே சொன்னாள்:

"அவன் வண்டிய நான் ஒழுங்கா பாத்ததே இல்லடா. அவன் வாங்கியாரும்போதே எனக்குக் கண்ணு மங்கிடுச்சி. மூஞ்சி பாக்கலாம், அப்பிடி மின்னுதுன்னு தெருவே சொல்லும். நானும் ஆமா ஆமான்னு தலையாட்டுவேன். ஒரு தரம் அத நல்லா பாத்துட்டா போதும். இட்டுனு போங்க."

நானும் தம்பி மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டி வாசலில்தான் நின்றிருந்தது, அம்மாவின் செங்கல் பொடித் தடங்களோடு. கண்ணைக் கொடுத்து அவளுக்கு நாங்கள் முதலில் காட்டப்போவது அதைத்தான். பிள்ளை உயிரைப் போல வைத்திருந்த வண்டியைத் தன் கையாலேயே பாழாக்கினோம் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். எனக்கு அம்மாவைத் தெரியும். பால் பொங்கி வழிந்ததற்கே இரண்டு நாள் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறவள்.

"கண்ணு கட்டு பிரிக்கிறதுக்குள்ள அந்தக் கீறல எடுத்துட முடியுமா மாமா?" என்று தம்பி மனைவி கொல்லைப்பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எடுத்துடறேன்," என்றேன்.

சர்வீசுக்கு விட்டிருக்கிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எடுத்துவிடுகிறேன் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அது சுலபமான வண்டி இல்லை. அதைத் தம்பி ஒரு சொல்தா வீட்டிலிருந்து வாங்கியிருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பெரியவர் மகளோடு இருக்க பிரான்சுக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனார். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. காரில் கலருக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும், கிளியர் என்போம். பளபளப்பெல்லாம் அதனுடையதுதான். கீறல் விழுவதும் முதலில் அதில்தான். நம் பக்கத்துச் சாதாரண வண்டிகளில் அது மிருதுவாக இருக்கும், லேசில் கீறும், லேசில் சரியாகும். இந்த வண்டியில் கல் மாதிரி. சும்மா துடைத்தால் ஒன்றும் ஆகாது. அப்படிப்பட்டதே கீறிக்கிடக்கிறதென்றால் அம்மா எந்த அழுத்து அழுத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கடினமான கிளியரில் விழுந்த கீறல் கடினமாகத்தான் போகும்.

முதலில் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போனால் கீறல் கிளியரோடு நிற்கிறது, தேய்த்து எடுக்கலாம். நகம் தட்டி நின்றால் ஆழமாக இறங்கிவிட்டது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். அம்மா போட்ட வட்டங்களில் நகம் ஒன்றிலும் தட்டவில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

ஒரே ஓர் இடத்தில் தட்டியது. இடது பக்கப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அது அம்மா வேலை இல்லை, பழசு. வண்டி வாங்கிய புதிதில் பெரிய மார்க்கெட் வாசலில் ஒரு கைவண்டியின் இரும்பு முனை இடித்தது. அன்றைக்குத் தம்பி குதித்த குதி எனக்கு நினைவிருக்கிறது. பட்டறைக்குக் கொண்டு வாடா, ஒரு நாள் வேலை, இருந்த இடம் தெரியாமல் பண்ணிவிடுகிறேன் என்றேன். வருகிறேன் என்றான். அப்புறம் வரவே இல்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்பேன்.

"இருக்கட்டும்ணா, அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்பான்.

"பெயிண்ட் பட்டறைக்காரன் தம்பி வண்டியில கோடு. எனக்கு அசிங்கம்டா."

"உன் பேரு ஒண்ணும் அதுல எழுதல. வுடுண்ணா."

ஒரு தூசி உட்கார்ந்தால் பொறுக்காதவன் அந்தக் கோட்டை மட்டும் ஏன் விட்டுவைத்தான் என்று எனக்குப் புரிந்ததில்லை. தம்பி மனைவிக்கும் தெரியவில்லை. அண்ணன் கையில் வேலை வாங்கக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை முதலாளி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார்.

"இதுக்குப் போயி ஏன்யா உசுர வுடற? எண்ணெ பாலிஷப் போட்டு அமுக்கி வுடு. கீறல்ல எண்ணெ எறங்கி நின்னுச்சின்னா ஒண்ணும் தெரியாது. வயசானவங்க ஒரு தரம் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"ரெண்டு தண்ணி ஊத்துனா எண்ணெ போயிடும். அப்பறம் அவங்க தெனமும் பாப்பாங்க," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். சாவு நடந்த வீட்டு ஆள் என்று பொறுத்துக்கொண்டிருப்பார்.

மற்ற வேலைகள் முடிந்த பிறகும் லீவு நாளிலும் அந்த வண்டியைப் பார்த்தேன். முதலில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைத் தடவி பஃபிங் மெஷினைப் பிடித்தேன். கம்பளிப் பட்டை சுற்றச் சுற்ற மேலே பளபளப்பு வந்தது, அடியில் வட்டங்கள் அப்படியே இருந்தன. எதிர்பார்த்ததுதான். இனி வாட்டர் பேப்பரைத்தான் எடுக்க வேண்டும். நைசான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்ப்பது. கீறலை எடுக்கக் கீறலின் சுற்றுப்புறத்தையே அதன் ஆழத்துக்கு இறக்குகிற வேலை இது. கிளியர் ஒன்றும் கனமானதில்லை, நோட்டுத் தாளைவிட மெல்லிசு. கொஞ்சம் அதிகமாகப் போனால் அடியில் கலர் வந்துவிடும். கதவு ஓரங்களில் இன்னும் மெல்லிசு. அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட வேண்டும். வெறும் கையால் தேய்க்கவும் கூடாது, விரல் அழுத்தின இடமெல்லாம் பள்ளம் விழும்.

கீறலோடு கீறல் சேராமல் நேர்க்கோட்டில் தேய்ப்பது எங்கள் வழக்கம். அம்மா வட்டமாகத் தேய்த்திருந்தாள். டியூப்லைட்டை அருகில் இழுத்துவைத்துக் குனிந்து பார்த்தபோது அந்த வட்டங்களின் அளவு எனக்குத் தெரிந்த அளவாக இருந்தது. ஒரு சாண் அகலம், வலது பக்கமாகத் தொடங்கி மேலே ஏறி, கடைசியில் ஒரு அழுத்து. சின்ன வயதில் என்னையும் தம்பியையும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது முதுகில் சீயக்காய் போட்டுத் தேய்ப்பாளே, அதே கை. அதே வட்டம், அதே கடைசி அழுத்து. தம்பி எரியுது எரியுது என்று கத்துவான். முதுகு கறுப்பா இருக்குதுடா, வெளுக்க வேணாமா என்று இன்னும் ஒரு சுற்றுத் தேய்ப்பாள்.

நான் அந்த வட்டங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன், அழுதேன். தம்பி போன அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. மூத்தவன் என்று ஆளுக்கொரு வேலை சொல்லிக்கொண்டிருந்தேன். கொள்ளி வைத்தபோதும் வரவில்லை. பஃபிங் மெஷின் போட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் நன்றாக, வாய்விட்டு அழுதேன். காம்பவுண்ட் தூசி முகமெல்லாம் அப்பியிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மங்கிக் கிடந்த பானெட் முதலில் தெளிந்தது. கம்பளிப் பட்டைக்குப் பிறகு ஸ்பாஞ்ச் பட்டை, அதற்குப் பிறகு மெழுகு. மெஷினை ஓர் இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பெயிண்ட் கருகும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு கதவாக முடித்தேன். தோள் கழன்று விழுவது போல வலித்தது. ஆனால் வெயிலில் தள்ளி நிறுத்திப் பார்த்தபோது ஒரு வட்டம்கூட இல்லை. பட்டறை எதிரில் இருந்த தென்னை மரம் ஓலை ஓலையாக அதில் தெரிந்தது.

மற்றதெல்லாம் தெளிந்த பிறகு அந்தப் பழைய கோடு முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அடி பிரைமர் வரைக்கும் இறங்கி வெள்ளையாக இளித்துக்கொண்டிருந்தது. அம்மா முதல் முதலாகப் பார்க்கப்போகிற வண்டி. தம்பி இருந்தபோது செய்துகொடுக்க முடியாத வேலை. இப்போது வேண்டாம் என்று சொல்ல அவன் இல்லை. முறைப்படி செய்தேன். கோட்டைச் சுற்றித் தேய்த்து, பட்டி பார்த்து, காய வைத்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, கதவு முழுக்கக் கறுப்பும் அதன் மேல் கிளியரும் அடித்தேன். கறுப்பு என்பதால் கலர் சேர்ந்துகொண்டது. அது காய்ந்த பிறகு மெழுகு போட்டு முடித்தபோது இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடத் தொழிலில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலை செய்ததில்லை. பாருடா என்று வாய்விட்டுச் சொன்னேன், பக்கத்தில் அவன் நிற்பது போல.

அம்மாவுக்கு முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும், நர்சு இது எத்தனை விரல் என்று கேட்டபோது, "வெரலு இருக்கட்டும் பாப்பா, ஏன் இப்பிடி எலும்பா கெடக்கற, சாப்புடறது இல்லியா?" என்றாளாம். தம்பி மனைவி போனில் சொல்லி, பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். நான் வண்டியைக் கழுவி முதலியார்பேட்டைக்கு ஓட்டி வந்து, வழக்கமாக அவன் நிறுத்துகிற இடத்திலேயே நிறுத்தினேன்.

ஆட்டோ வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு அம்மா இறங்கினாள். மருமகள் கையைப் பிடிக்கப் போனாள். அதை உதறிவிட்டுத் தானாகவே நடந்து வந்தாள். வண்டியின் முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். நான் பட்டறை அழுக்கோடு ஓரமாக நின்றிருந்தேன். பரீட்சை எழுதியவன் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கறுப்பா இது?" என்றாள். "இவ்ளோ கறுப்பா! எம்மாடி."

குனிந்து பானெட்டில் தன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மருமகளைப் பார்த்து, சின்னப் பெருமையோடு சொன்னாள்:

"கருமாதி அன்னிக்கி நாந்தாண்டி தேச்சேன். புளியும் செங்கல்பொடியும் போட்டு. பாத்தியா, அதான் இப்பிடி மின்னுது. பவுடருக்கு இந்த மினுப்பு வருமா?"

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா அத்த," என்றாள் அவள். "நீங்க தேச்சதுதான்."

"அடுத்த வெள்ளிக்கெழம இன்னொரு தரம் தேச்சி வுடறேன்."

"கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு அத்த."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அம்மா அவன் வண்டியைப் பார்த்துவிட்டாள், பார்க்கக் கூடாத எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தது.

அம்மா வண்டியின் இடது பக்கமாக நடந்தாள். பின்கதவுக்கு வந்ததும் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் கண் வந்தவள் எதற்குக் கண்ணை மூடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளங்கையைக் கதவில் வைத்து, கைப்பிடியின் பக்கமாக மெல்ல நகர்த்தினாள். கை வழுக்கிக்கொண்டே போய்க் கதவின் கோடிக்கு வந்துவிட்டது. மறுபடி வைத்து நகர்த்தினாள். மறுபடியும் வழுக்கியது. கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே என்று தடவிப் பார்த்தாள்.

"என்னத்த, என்ன தேடறீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"இங்க ஒரு கோடு இருக்குமே?"

அம்மா கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"மார்க்கெட்டுக்கு வெளிய வரிசையா வண்டி நிக்கும். எனக்கு எல்லாம் ஒரே இருட்டா தெரியும். எது நம்மளுதுன்னு எப்பிடித் தெரியும்? அவன்தான் சொல்லிக் குடுத்தான். 'அம்மா, ஓரமா கதவத் தடவிக்கினே வா. கோடு தட்டுச்சின்னா அது நம்ம வண்டி. அதுக்கு மேலதான் கைப்புடி'ன்னு. நான் கூடையோட வருவேன், கையில தட்டும், தொறந்து ஏறி உக்காந்துக்குவேன். ஒரு நாளும் எறங்கி வந்து எங்கையப் புடிச்சதில்ல அவன். புடிச்சா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும், எனக்குக் கேவலமா இருக்கும்னு அவனுக்குத் தெரியும். உக்காந்தேன்னா, 'வந்துட்டியா'ம்பான். அவ்ளோதான்."

இருக்கட்டும்ணா, அது பாட்டுக்கு இருக்கட்டும். அவன் குரல் அப்படியே என் காதில் கேட்டது.

"நாந்தாம்மா," என்றேன். "பாக்க நல்லா இல்லன்னு நாந்தான் அத அடைச்சி பெயிண்ட் அடிச்சேன்."

அம்மா கண்ணைத் திறந்தாள். என் பக்கம் திரும்பி, என் முகத்தை, கையை, நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பை, எல்லாவற்றையும் அந்த ஒற்றைக் கண்ணால் நிதானமாகப் பார்த்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்க்கிறாள்.

"அதுக்கு ஏண்டா அழுவற?" என்றாள். "இப்பத்தான் எனக்குக் கண்ணு தெரியுதே. இனிமே அது எதுக்கு?"

அப்படிச் சொன்னாளே தவிர, கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே, நான் வழவழவென்று ஆக்கி வைத்திருந்த அந்த இடத்தை விரல்களால் தடவிக்கொண்டே இருந்தாள்.